புதுப்பிப்பு: தன்சானியாவில் தன்னார்வப் பணி – பணம், கரண்ட், சாப்பாடு

தன்சானியாவின் தெற்குக் கடற்கரை ஊரான ம்ட்வாராவுக்குத் தன்னார்வ ஆசிரியராகப் போகிறேன், அன்றாடச் செலவு, கரண்ட், சைவச் சாப்பாடு எல்லாம் எப்படி என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வந்து சேர்ந்து வாழ்க்கை ஓரளவு நிலைக்கு வந்துவிட்டது.

"வங்கிக் கணக்குக்கு அலையாதீங்க, முதலில் சிம் வாங்குங்க" என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. பாஸ்போர்ட்டும் கைரேகையும் கொடுத்து சிம்மைப் பதிந்ததும் எம்-பெசா (போன் வழியே பணம் அனுப்பும், பெறும் சேவை) கணக்கு தொடங்கியாயிற்று. தெருமுனை ஏஜென்ட்டிடமே பணம் போடலாம், எடுக்கலாம். வீட்டில் இருப்பது ப்ரீபெய்டு மீட்டர். போனில் பணம் கட்டினால் 20 இலக்க எண் வரும், அதை மீட்டரில் அடித்தால் கரண்ட். ராத்திரியில் தீர்ந்தாலும் கவலையில்லை.

பிளக் பெரும்பாலும் பிரிட்டிஷ் வகை, செவ்வக முள். அடாப்டர் எடுத்து வாருங்கள்.

சாப்பாட்டுக்கு நான் பயந்த அளவு இல்லை. துவரை இந்தப் பக்கமே விளைகிறது, இந்தியாவுக்கும் ஏற்றுமதியாகிறது. சந்தையில் முழுசாகத்தான் கிடைத்தது. இரவே ஊறப்போட்டு குக்கரில் வைத்தால் சாம்பாருக்குப் போதும். தேங்காய், புளி இரண்டும் உண்டு. பெருங்காயம் மட்டும் ஊரிலிருந்து கொண்டுவரலாம்.

யாரும் சொல்லாத ஒன்று: சுவாஹிலியில் மணியை விடியலிலிருந்து எண்ணுகிறார்கள். காலை 7 மணிதான் அவர்களுக்கு 1 மணி. அதனால் கூட்டம் 4 மணிக்கு என்றால் காலை 10. ஆங்கிலத்தில் பேசும்போது நம் கணக்குத்தான், ஆனாலும் சிலர் கலந்து சொல்வார்கள். காலையா மாலையா என்று கேட்டுவிடுங்கள்.