கீழாநெல்லிச் சாற்றின் செல் சோதனை: ஆய்வக உதவி தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். சென்னையில் முதுகலை உயிர்வேதியியல் பயிலும் நான், கீழாநெல்லியின் மெத்தனால் சாற்றை எம்சிஎஃப்-7 மார்பகப் புற்றுநோய்ச் செல்களின் மீது எம்டிடி முறையில் சோதித்து வருகிறேன். இம்முறையில், உயிருள்ள செல்கள் எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தை ஊதாவாக மாற்றும்; அந்நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு உயிருள்ள செல்களைக் கணக்கிடுவோம். ஆனால், சோதனைத் தட்டில் செல்களே இல்லாத குழிகளில் சாற்றை மட்டும் இட்டாலும் ஊதா நிறம் தோன்றுகிறது. சாற்றிலுள்ள பாலிபீனால்கள் என்ற தாவர வேதிப்பொருள்கள் எம்டிடியை நேரடியாக வேதியியல் ஒடுக்கம் செய்து ஊதாவாக்குவதே இதற்குக் காரணம் என்று கருதுகிறேன். அவ்வாறாயின், இறந்த செல்களும் உயிருள்ளவையாகக் கணக்கில் சேர்ந்துவிடும்.

ஆகவே, செல்களின் புரத அளவைக் கொண்டு கணக்கிடும் சல்ஃபோரோடமின்-பி முறையில் மறுசோதனை செய்ய விரும்புகிறேன். தரமணி, கிண்டி, போரூர் பகுதிகளில் இம்முறையைப் பயன்படுத்தும் ஆய்வகத்தை அறிந்தவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். கட்டணம் செலுத்த ஆயத்தமாக உள்ளேன். எம்சிஎஃப்-10ஏ போன்ற, புற்றுநோயற்ற மார்பகச் செல்களும் அங்கு இருப்பது மிக முக்கியம், ஏனெனில் நல்ல செல்களையும் அதே அளவில் கொல்லும் சாற்றை நஞ்சு என்றுதான் சொல்ல வேண்டும்.

நித்தியகல்யாணியிலிருந்து வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து கிடைத்தது உண்மையே; ஆனால் அது பிரித்தெடுத்துத் தூய்மையாக்கி, அளவு வரையறுத்த மருந்து. எனவே, இப்பதிவைப் படித்துவிட்டு நோயாளிகள் எவரும் சிகிச்சையை நிறுத்திக் கீழாநெல்லியை நாட வேண்டாம் என வேண்டுகிறேன். ஆய்வக விவரங்களைப் பின்னூட்டத்தில் பகிரலாம்.