மோரிஸ் மைனர் அடித்தகடு: பழைய தாரைச் சுரண்டணுமா, மேலேயே அடிச்சிடலாமா?

சிப்புட்_மைனர்

வணக்கம் அண்ணன்மார்களே. காடி 1967 மோரிஸ் மைனர் 1000, நாலு கதவு. மலேசியாவுல, சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்துக்கு முன்னால தகரக் கொட்டகையில நிக்குது. தார் ரோட்டுக்கு வர ஒன்றரை கிலோமீட்டர் செம்மண் பாதை. உர லோரி, செம்பனைக் குலை லோரி எல்லாம் அதே பாதையிலதான்.

அடியில எந்தக் காலத்திலோ அடிச்ச கறுப்புத் தார் இருக்கு. பாதிக்கு மேல கெட்டியா ஒட்டியிருக்கு. டிரைவர் கால் வைக்கிற பக்கமும், பின் ஸ்பிரிங்கோட முன்முனை பிடிக்கிற இடமும் தோல் மாதிரி உரியுது, உள்ளே ஈரப் பழுப்பு. டவுன்ல காடி ரிப்பேர் போர்மேன் ஒருத்தர், "தண்ணி அடிச்சுக் கழுவி மேலேயே ரெண்டு கோட் தார் போட்டுரலாம், ஒரு நாள் வேலை"ங்கிறார். வெளிநாட்டுக்காரங்க எழுதுறதெல்லாம் பனிக்காலத்துல ரோட்டுல கொட்டுற உப்பைப் பத்தித்தான். நமக்கு அது இல்லையே, இவ்வளவு மெனக்கெடணுமா? கம்ப்ரசர் 2 எச்.பி. இருக்கு, வெல்டிங் ஆள் இருக்கார். என்ன, எவ்வளவு வாங்கணும்?

தகரவேலை_ஈப்போ

தம்பி, மேலேயே அடிக்காதீங்க. பழைய தாருக்கு அடியில ஈரம் இருக்குன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அதுக்கு மேல இன்னொரு தோல் போட்டா ஈரம் வெளியேற வழி இல்லை. வெளியில கறுப்பா பளபளன்னு இருக்கும், உள்ளே தகடு பிஸ்கட் மாதிரி ஆகிக்கிட்டே வரும். தாரோட குறையே அதுதான்: காய காய விறைக்கும், கல் பட்ட இடத்துல வெடிக்கும், வெடிப்பு வழியா தண்ணி புகுந்து பக்கவாட்டில ஊறிப் போகும். துரு கண்ணுக்குத் தெரியும்போது ஓட்டையே விழுந்திருக்கும்.

உப்பு இல்லைன்னு யார் சொன்னா? உர லோரியில இருந்து கொட்டுறது பொட்டாஷ். அது பொட்டாசியம் குளோரைடு, சாப்பாட்டு உப்புக்கு அண்ணன் தம்பி முறை. கூடவே அம்மோனியம் சல்பேட். ரெண்டுமே காத்துல ஈரப்பதம் 80, 85 சதவீதம் வந்தா காத்துல இருந்தே தண்ணியை இழுத்துக் கரையும். நம்ம ஊர்ல தினம் ராத்திரி அந்த ஈரப்பதம் வந்துரும். மழையே பெய்யாட்டியும் சேறு அப்பின தகடு விடிய விடிய உப்புத்தண்ணியில ஊறுதுன்னு அர்த்தம். பால்மரத் (ரப்பர்) தோட்டத்துல கட்டிப்பால் ஏத்தின காடின்னா இன்னும் மோசம். அதுல வடியிற தண்ணியில பால் உறைய வைக்கிற பார்மிக் ஆசிட் இருக்கும்.

முதல் வேலை சுத்தியும் மழுங்கின ஸ்க்ரூடிரைவரும். பெயிண்டு அப்புறம். மைனருக்குத் தனிச் சேசி கிடையாது, பாடியும் தகடும்தான் பாரம் தாங்குது. அதனால தட்டிப் பார்க்க வேண்டிய இடங்கள்: முன் சீட்டுக்கு அடியில குறுக்கே போற கிராஸ்மெம்பரின் ரெண்டு முனை (முன் சக்கரத்துக்கு ஸ்பிரிங் வேலை பார்க்கிற டார்ஷன் பார் கம்பியோட பின்முனை அங்கேதான் உட்காருது), ஜாக் வைக்கிற இடம், சில்லை (கதவுக்குக் கீழே போற பெட்டி மாதிரித் தகடு) அடியில மூடுற பட்டை, பின் ஸ்பிரிங் முன்முனைக் கொக்கி, பின் சக்கர வளைவு உள்பக்கம். "டங்"னு கேட்டா நல்ல தகடு, "தொப்"னு கேட்டா துரு. ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கினா வெட்டி எடுத்துட்டுப் புதுத் தகடுதான்.

டிரைவர் பக்கம் உரியிறதுக்குத் தனிக் காரணம் இருக்கலாம். வலது கை ஸ்டேரிங் மைனர்ல பிரேக் மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில, வலப்பக்கச் சேசி காலுக்குள்ளே இருக்கு. பிரேக் எண்ணெய் கசிஞ்சா பெயிண்டு, தார் எல்லாத்தையும் உரிச்சிரும். கம்பளத்தைத் தூக்கி மூடித் தகட்டைக் கழட்டிப் பாருங்க. கசிவை நிறுத்தாம அங்கே எதை அடிச்சாலும் காசு தண்டம்.

ஒரு எச்சரிக்கை: செம்மண் வாசல்ல காடியைத் தாங்குற ஸ்டாண்டு இறங்கிரும். ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் அடியில ஒரு இஞ்சுக்குக் குறையாத பலகை போடுங்க. ஜாக்கை மட்டும் நம்பி உள்ளே படுக்கக் கூடாது.

கூலிம்காரன்

எதுக்கு இவ்வளவு? கழட்டின இஞ்சின் எண்ணெய் ஒரு பங்கு, டீசல் ஒரு பங்கு. வருசத்துக்கு ஒரு தடவை அடிச்சா போதும். பழைய லோரிக்காரங்க எல்லாம் அப்படித்தான்.

அடிப்பூச்சு

கூலிம்காரரே, லோரிக்குத் தடிச்ச சேசி, அது தாங்கும். மைனரின் தரைத் தகடு ஒரு மில்லிமீட்டர் சொச்சம். கழட்டின எண்ணெயில் எரிந்த பெட்ரோலின் அமிலம் இருக்கும். டீசல் ஆவியான பிறகு புழுதி ஒட்டி மெழுகு போல் நிற்கும், அந்தப் புழுதியே ஈரத்தைப் பிடித்து வைக்கும். ரப்பர் புஷ்ஷும் பிரேக் ஹோசும் ஊதிப் போகும். மழையில் வடிந்து கால்வாயில் கலப்பது வேறு. (யாராவது செம்பனை எண்ணெய் சொல்வதற்கு முன் அதையும் சொல்லிவிடுகிறேன்: அது காற்றுப் பட்டால் கெட்டுப்போகும், அதில் இருக்கும் கொழுப்பமிலம் தகட்டுக்கு நல்லதில்லை, தோட்டத்து எலிக்கு விருந்து.)

சிப்புட் தம்பிக்கு வேலை முறை.

கெட்டியாக ஒட்டியிருக்கும் தாரையும் எடுப்பதுதான் உத்தமம். முழுவதும் முடியாவிட்டால், உரிகிற இடத்திலிருந்து வெளிநோக்கிச் சுரண்டிக்கொண்டே போய், நகத்தாலும் பட்டையாலும் கிளப்ப முடியாத ஓரம் வரும் வரை எடுங்கள். ஹீட் கன்னில் இளக்கி, அகலமான பட்டையால் வழித்தெடுக்க வேண்டும். கம்பி பிரஷ் போட்ட கிரைண்டரை நேராகத் தார் மேல் வைத்தால் உருகி இழுத்துப் பூசிவிடும், துரு மேல் வைத்தால் துருவைப் பாலிஷ்தான் போடும். மிச்சக் கறையை மண்ணெண்ணெய் துணியால் துடைத்து, பிறகு தின்னரால் துடைக்கலாம். பெட்ரோல் வேண்டாம். ஹீட் கன் ஓடும்போது பெட்ரோல் டேங்கும் குழாயும் பக்கத்தில் இருக்கக் கூடாது. டேங்கை இறக்கிவிடுவதே நல்லது.

பிறகு கழுவுதல். உரத்தின் உப்பு கண்ணுக்குத் தெரியாது, தண்ணீரில்தான் போகும். அடிப்பக்கம் முழுவதும் இரண்டு தடவை நல்ல தண்ணீர் அடியுங்கள். சில்லுக்கும் கிராஸ்மெம்பருக்கும் உள்ளே ஹோஸை விட்டு, வடிகிற தண்ணீர் சிவப்பு நிறம் இல்லாமல் வரும் வரை விடுங்கள். வடிகால் ஓட்டைகளை ஒரு கம்பியால் குத்தித் திறந்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் குளம் கட்டிவிடும். இரண்டு முழு நாள் மின்விசிறி போட்டுக் காய வையுங்கள். இலை ஊதும் ப்ளோவர் கிடைத்தால் பெட்டி மாதிரி மூடிய பகுதிகளுக்குள் ஊதலாம்.

குழிக்குள் மிஞ்சும் துருவுக்குப் பாஸ்போரிக் ஆசிட் கன்வெர்ட்டர் மெல்லியதாகத் தடவலாம். அது மெல்லிய துருவை மட்டும்தான் மாற்றும், செதில் செதிலாக நிற்பதை ஒன்றும் செய்யாது. மிச்ச ஆசிட்டைக் கழுவிக் காயவிடாமல் எபோக்சி அடித்தால் எபோக்சி பிடிக்காது. இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள்.

பெயிண்டு நேரம் முக்கியம். காலை எட்டு மணிக்குத் தகடு வேர்த்திருக்கும். தகட்டின் சூடு பனிநிலையை (காற்றின் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் சூடு) விட 3 டிகிரியாவது மேலே இருக்க வேண்டும். நம் ஊரில் காலை பத்துக்குத் தொடங்கி, பிற்பகல் மழை கறுக்கும் முன் முடிப்பதுதான் கணக்கு. வெறும் தகட்டுக்கு ஹார்டனர் கலக்கும் எபோக்சி பிரைமர் இரண்டு கோட். அது காய்ந்ததும் தகடு சேரும் தையல்களில் பாலியூரிதேன் சீலர். வெறும் தகட்டின் மேல் சீலர் வைக்காதீர்கள். சக்கர வளைவுக்கு மட்டும் பெயிண்டு ஏற்கும் ரப்பர் ஸ்டோன்சிப் (கல்லடி தாங்கும் தடிப்பான பூச்சு), அதற்கு மேல் காடி நிறமே. கடைசியாகத்தான் துருத்தடுப்பு மெழுகு.

மைனர் அளவுக்கு, கலந்த எபோக்சி 2 லிட்டர், ஸ்டோன்சிப் 2 லிட்டர், அடிப்பக்க மெழுகு 3 முதல் 4 லிட்டர், உள்ளறை (சில் மாதிரி மூடிய பெட்டிப் பகுதி) மெழுகு 2 லிட்டர், சீலர் 2 குழாய். டினிட்ரோல், வாக்ஸாயில் எந்த பிராண்டு மெழுகானாலும் அடிப்பக்கத்துக்கு ஒன்று, உள்ளறைக்கு ஒன்று எனத் தனித்தனியாகப் பாருங்கள். உள்ளறை மெழுகு நீர்த்தது, தையலுக்குள் ஊர்ந்து போகும். வெள்ளைக்காரர்கள் மெழுகு டின்னைச் சுடுதண்ணீரில் வைக்கச் சொல்வார்கள். நமக்கு அந்த வேலை இல்லை, வெயிலே போதும்.

சிப்புட்_மைனர்

நன்றி அண்ணே. மூடித் தகட்டைக் கழட்டினேன், மாஸ்டர் சிலிண்டர் பின்பக்கம் நனைஞ்சிருக்கு. ஸ்பிரிங் கொக்கி பக்கத்துல ஸ்க்ரூடிரைவர் இறங்கிருச்சு, ஐம்பது காசு அளவு ஓட்டை. போர்மேன் ஜிங்க் தகரம் வச்சு ரிவெட் அடிக்கலாம்ங்கிறார். இன்னொன்னு, கடைக்காரர் போர்-15 (துரு மேலேயே அடிக்கிற பெயிண்டு) அடிச்சா எபோக்சியே வேணாம்ங்கிறார்.

தகரவேலை_ஈப்போ

ரிவெட் அடிச்ச தகரம் கூரைக்கு. ஸ்பிரிங் கொக்கி பாரம் தாங்குற இடம், அங்கே வெட்டி, நல்ல தகடு வர்ற வரைக்கும் போய், முழுசா வெல்டிங். ஐம்பது காசுன்னு வெளியில தெரிஞ்சா உள்ளே உள்ளங்கை அளவு போயிருக்கும்னு வச்சுக்கங்க. தரைக்கு 1.2 மில்லி தகடு, கொக்கிக்குப் பழசு இருந்த தடிப்பே. ஜிங்க் பூசின தகரத்தை வெல்டிங் பண்ணினா வர்ற வெள்ளைப் புகை காய்ச்சல் கொண்டு வரும். சேர்ற விளிம்புக்கு வெல்டிங் பிரைமர் தடவிட்டு வைங்க. பேட்டரி கழட்டணும். முக்கியமா, மெழுகுக்கு முன்னாடி வெல்டிங் எல்லாம் முடிஞ்சிருக்கணும். உள்ளறையில மெழுகு இருந்தா தீப்பிடிக்கும், வெளியில இருந்து அணைக்கவும் முடியாது.

மாஸ்டர் சிலிண்டரைக் கழட்ட அதோட போல்ட் டார்ஷன் பாருல இடிக்கும், பாரைத் தளர்த்தித்தான் எடுக்கணும். எப்படியும் தளர்த்துறீங்க, அந்தச் சேசி காலுக்குள்ளே சுரண்டிப் பெயிண்டு அடிக்க அதைவிட நல்ல நேரம் வராது.

அடிப்பூச்சு

போர்-15 துருப் பிடித்த சொரசொரப்பான தகட்டில் நன்றாகப் பிடிக்கும். சுரண்டி வழவழப்பாக இருக்கும் புதுத் தகட்டில் அதன் பிரெப் (முன்தயாரிப்புத் திரவம்) போடாமல் அடித்தால் தகடு தகடாக உரியும். அது ஈரத்தைக் குடித்துக் காய்வது. நம் ஊர்க் காற்றில் தடிப்பாக அடித்தால் குமிழ் விடும். அதனால் மெல்லிசாக இரண்டு கோட், முதல் கோட்டில் விரல் லேசாக இழுபடும்போதே இரண்டாவது. கிராஸ்மெம்பர் உள்விளிம்பு மாதிரி சுரண்ட முடியாத இடத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள், மற்றதுக்கு எபோக்சி.

மெழுகு அடிக்கும்போது பிரேக் ஹோஸ், டிரம், ஹேண்ட்பிரேக் கேபிள், புகைபோக்கி, கிரீஸ் நிப்பிள் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் சுற்றி டேப் போடுங்கள். முன் சக்கரத்து டிரனியன் (சக்கரம் திரும்ப உதவும் மூட்டு) நிப்பிள் அடைபட்டு கிரீஸ் போகாமல் விட்டால் மைனரின் முன் சக்கரம் கழன்று மடங்கும். 60 முதல் 80 பி.எஸ்.ஐ., உள்ளறைக்குச் சுற்றிலும் தெளிக்கும் மூக்கு வைத்த நீளக் குழாய். உள்ளே கடைசி வரை விட்டு, மெதுவாக இழுத்துக்கொண்டே அடிக்க வேண்டும். வடிகால் ஓட்டையில் மெழுகு சொட்டுகிறதா பாருங்கள், சொட்டினால்தான் உள்ளே சேர்ந்திருக்கிறது. சொட்டு நின்றதும் கம்பியால் ஓட்டையைத் திறந்துவிடுங்கள்.

ஒரு நாள் ஓடவிட்ட பிறகு புகைபோக்கி பக்கம் மோந்து பாருங்கள், பட்ட மெழுகு புகையும்.

கூலிம்காரன்

சரி சரி, எண்ணெயை வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா ஒண்ணு, உள்ளே கம்பளத்துக்கு அடியில இருக்கிற சணல் மெத்தையைத் தூக்கி எறியச் சொல்லுங்க. முன் கண்ணாடி ரப்பர்ல இருந்து ஒழுகுற தண்ணி அதுலதான் தேங்கும், தரை மேல இருந்தே துருப்பிடிக்கும். ரப்பர் உதட்டுல டால்கம் பவுடர் தூவி வெளியில ஹோஸ் அடிச்சா எங்க ஒழுகுதுன்னு கோடு தெரியும். ஸ்னோ வாஷ்ல (நுரை அடிச்சுக் காடி கழுவுற கடை) தூக்கி அடியில பிரஷர் அடிக்கிற ஆளுக்கும் மெழுகு பக்கம் வராதேன்னு சொல்லி வைங்க.