ரூட் பார்ட்டிஷனில் 16 ஜிபி காணோம்: டிஎஃப் ஒன்று சொல்கிறது, டியூ ஒன்று சொல்கிறது

கேள்வி:
ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் உபுண்டுவும் வைத்திருக்கிறேன். லினக்ஸ் ரூட்டுக்கு (உபுண்டு இருக்கும் மெயின் பார்ட்டிஷன்) 40 ஜிபிதான் கொடுத்தேன், அப்போது அதுவே தாராளமாகத் தெரிந்தது. நேற்று அப்டேட் போட்டால் இடமில்லை என்று நின்றுவிட்டது. டிஎஃப் (பார்ட்டிஷனில் மொத்தம் எவ்வளவு நிரம்பியது என்று காட்டும் கமாண்ட்) 37 ஜிபி போய்விட்டது என்கிறது, சூடோ போட்டு (அட்மின் உரிமையோடு) டியூவில் (கண்ணில் படும் ஃபைல்களின் அளவைக் கூட்டிச் சொல்லும் கமாண்ட்) எண்ணினால் 21 ஜிபிக்கு மேல் வரவில்லை (எக்ஸ் ஆப்ஷனோடுதான், விண்டோஸ் டிரைவைச் சேர்க்கவில்லை). விண்டோஸ் பக்கத்தைச் சுருக்கி இந்தப் பக்கம் சேர்ப்பதுதான் வழியா?

பதில்:
பார்ட்டிஷனில் இப்போதே கை வைக்காதீர்கள். ஆப்ட் கிளீன் போட்டால் இறக்கி வைத்த டெப் ஃபைல்கள் போய்விடும், ஆப்ட் ஆட்டோரிமூவ் பழைய கெர்னல்களை (லினக்ஸின் மையப் பகுதி) எடுத்துவிடும். பூட் ஃபோல்டருக்குள் போய்க் கையால் அழிக்க மட்டும் வேண்டாம், நான் ஒருமுறை ஓடிக்கொண்டிருந்த கெர்னலையே தூக்கிவிட்டு லைவ் யுஎஸ்பியோடு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். சிஸ்டம்டி ஜர்னல் (சிஸ்டத்தின் லாக் பதிவு) தன் போக்கில் விட்டால் பார்ட்டிஷனில் 10% வரை, அதிகபட்சம் 4 ஜிபி வரை வளரும். ஜர்னல்சிடிஎல்லில் வேக்யூம் சைஸ் 200எம் என்று கொடுங்கள். ஸ்னாப்பும் (உபுண்டுவில் ஆப்களை இன்ஸ்டால் செய்யும் இன்னொரு முறை) பழைய பதிப்புகளை விடாமல் வைத்திருக்கும், பட்டியலில் டிஸேபிள்டு என்று இருப்பதையெல்லாம் நீக்கலாம்.

கேட்டவர்:
செய்தேன், 4 ஜிபி வந்தது, அப்டேட்டும் முடிந்தது. ஆனால் இப்போது டிஎஃப் 33, டியூ 17, அதே 16 ஜிபி அப்படியே இடிக்கிறது.

இன்னொரு பதில்:
அழித்த ஃபைலை ஏதாவது ப்ரோக்ராம் திறந்தே வைத்திருந்தால் இப்படிக் காட்டும், அது ரீபூட் செய்தால் சரியாகிவிடும். போகவில்லை என்றால் எனக்கு வேறு சந்தேகம். விண்டோஸ் டிரைவுக்கு தினமும் பேக்கப் ஏதாவது ஓடுகிறதா? விண்டோஸை ஷட்டவுன் செய்தாலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருந்தால் அது பாதி உறக்கத்தில்தான் இருக்கும், அந்த டிரைவ் லினக்ஸில் சில சமயம் படிக்க மட்டும் திறக்கும், சில சமயம் மவுண்டே ஆகாது (அதற்கான ஃபோல்டரோடு இணையாது). மவுண்ட் ஆகாத அன்று அந்த ஃபோல்டர் ரூட்டில் இருக்கும் வெறும் காலி ஃபோல்டர்தானே, பேக்கப் அதற்குள் போய் விழும். மறுநாள் டிரைவ் சரியாக மவுண்ட் ஆனதும் அதற்கடியில் எல்லாம் மறைந்துவிடும், டியூ கண்ணுக்கும் படாது. வேறொரு காலி ஃபோல்டரில் ரூட்டை பைண்ட் மவுண்ட் செய்து (அதே ரூட்டை இன்னொரு பாதையிலும் தெரியவைத்து) உள்ளே பாருங்கள்.

கேட்டவர்:
அதேதான்! ரீபூட் செய்தும் மாறவில்லை, பைண்ட் மவுண்ட் செய்து பார்த்தால் என் ஆர்சிங்க் பேக்கப் முழுசாக 16 ஜிபி படுத்திருக்கிறது. க்ரானில் (நேரம் வைத்தால் தானே ஓட்டும் வசதி) ரூட் யூசராக, முழு உரிமையோடு ஓடுவதால் பெர்மிஷன் தடையும் வரவில்லை. அப்படியே அழித்துவிடலாமா?

இன்னொரு பதில்:
அழிக்கும் முன் விண்டோஸ் டிரைவில் உள்ள பிரதியோடு ஒப்பிடுங்கள், மவுண்ட் ஆகாத நாட்களின் ஃபைல்கள் இங்கே மட்டும்தான் இருக்கலாம். அழிப்பது பைண்ட் மவுண்ட் பாதை வழியாகத்தானா என்று இரண்டு முறை பாருங்கள், வழக்கமான பாதையில் அழித்தால் நல்ல பேக்கப்தான் போகும். அப்புறம் விண்டோஸில் அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து பவர்சிஎஃப்ஜி ஹைபர்னேட் ஆஃப் போடுங்கள், ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் போகும், ஹைபர்ஃபில் ஃபைல் பிடித்திருந்த சில ஜிபியும் அந்தப் பக்கம் திரும்ப வரும். ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே மவுண்ட்பாயிண்ட் கமாண்டால் சோதித்து, மவுண்ட் ஆகாவிட்டால் வெளியேறச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
ஒப்பிட்டதில் 3 ஃபைல் இங்கே மட்டும்தான் இருந்தது, எடுத்து வைத்துக்கொண்டேன். இப்போது டிஎஃப் 17 ஜிபி என்கிறது.