டெர்பி நாளும் மின்ட் ஜூலெப்பும்: வீடுகளில் கண்டவை

லூயிவில்லில் வசிக்கும் ஒருவர்:

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில், 1875 முதல் சர்ச்சில் டவுன்ஸ் திடலில் நடைபெற்றுவரும் டெர்பி குதிரைப் பந்தயத்தை, நண்பர்களை வீட்டுக்கு அழைத்துத் தொலைக்காட்சியில் காண்பவர்களே எங்கள் தெருவில் அதிகம். மே மாத முதல் சனிக்கிழமை நடக்கும் அந்தப் பந்தயம் சுமார் இரண்டு நிமிடங்களில் முடிந்துவிடும். அன்று அருந்தும் புதினா மதுபானமான மின்ட் ஜூலெப்புக்கான வேலையோ முந்தின நாளே தொடங்கிவிடுகிறது.

பக்கத்து வீட்டு மூதாட்டி, சம அளவு சர்க்கரையும் நீரும் சேர்த்துக் காய்ச்சிய பாகை முன்தினமே ஆறவைத்திருந்தார். தோட்டத்தில் பறித்த புதினாத் தளிர்களை ஈரத் துணியில் சுற்றிவைத்தார். ஐஸ் கட்டிகளைக் கித்தான் பையில் இட்டு மரச் சுத்தியலால் பொடியாக நொறுக்குவது பேரனின் பொறுப்பு. இலைகளைக் கசக்கினால் கசப்பு இறங்கிவிடும் என்பதால், வெள்ளிக் குவளையின் அடியில் பாகுடன் சேர்த்து மெல்ல அழுத்துவதோடு நிறுத்திக்கொண்டு, போர்பன் விஸ்கியை ஊற்றி, விளிம்புக்கு மேல் குவியுமளவு ஐஸை நிரப்பி, குவளையின் புறத்தே வெண்பனி படரும்வரை கலக்கினார். கைச்சூட்டில் அந்தப் பனி கரையாதிருக்க, விளிம்பிலோ அடியிலோதான் பிடிக்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தார். உறிஞ்சுகுழலையும் குட்டையாக நறுக்கியிருந்தார். குனிந்து அருந்தும்போது மூக்கு புதினாக் கொத்துக்குள் இருக்க வேண்டுமாம். பந்தயத் திடலில் விற்கும் ஜூலெப்பில் எனக்கு இந்த மணம் கிடைத்ததில்லை.

ரிச்மண்டில் வசிக்கும் ஒருவர்:

வர்ஜீனியாவின் ரிச்மண்டில் என் நண்பர் வீட்டில், ஜூலெப் பரிமாறும் முன் ஜான் டப்னியின் பெயரைச் சொல்வார்கள். அடிமையாகப் பிறந்த அந்தக் கறுப்பினத்தவர், 19ஆம் நூற்றாண்டில் இந்நகரில் ஜூலெப்புக்காகவே பெயர்பெற்றவர். தம் வருவாயைச் சேர்த்துத் தம் மனைவியின் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார். அமெரிக்கத் தென்மாநிலங்களின் விருந்தோம்பல் என்று போற்றப்படும் இந்த மரபில், மாளிகைகள் பலவற்றில் ஐஸை நொறுக்கியவர்களும் குவளையை ஏந்திவந்தவர்களும் அடிமைப்படுத்தப்பட்டவர்களே என்பதை அவ்வீட்டார் பிள்ளைகளிடமும் மறைப்பதில்லை. அப்பெயரைச் சொல்லாமல் குவளையை நீட்டுவது முறையன்று என்றே நானும் கருதுகிறேன். போர்பன் பரவுவதற்கு முன்பு இங்கே ஜூலெப்பில் பிராந்தியும் சேர்க்கப்பட்டதால், அவர்கள் இன்றும் பிராந்தியையே ஊற்றுகிறார்கள். அதன் பழங்களின் மணம் புதினாவுடன் நன்றாகவே பொருந்துகிறது.