கிளட்ச் பிளீட் பண்ணியும் (லைன்ல இருக்கிற காத்தை வெளியேத்தியும்) பெடல் மெத்துன்னு இறங்குது

பாலக்கோடு_டீசல்:
ஸ்லேவ் சிலிண்டர் (ஆயில் அழுத்தத்துல கிளட்சைத் தள்ளுறது) கியர்பாக்ஸுக்கு வெளியே இருக்கிற டீசல் வண்டி. மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதிச்சா ஆயிலை ஸ்லேவுக்குத் தள்ளுறது) புதுசு போட்டாச்சு. ஒருத்தர் மிதிக்க, ஒருத்தர் ஸ்லேவ்ல காத்து வெளியேத்துற நிப்பிளைத் திறக்கன்னு கால் லிட்டர் பிரேக் ஆயில் ஓடவிட்டும் பெடல் பாதி வரைக்கும் கனமே இல்லை. ரெண்டு மூணு தடவை பம்ப் பண்ணினா ரிவர்ஸ் விழுது, இல்லேன்னா கர்ருன்னு கத்துது. இதோட தொப்பூர் கணவாய் இறங்க யோசனையா இருக்கு. கிளட்ச் பிளேட்டா?

ஓசூர்_ஸ்பேனர்:
பம்ப் பண்ணினா விழுதுன்னா பிளேட்டை விட்டுடுங்க, லைன்ல காத்துதான். காத்து மேல ஏறத்தான் பாக்கும். நாம மிதிச்சு மிதிச்சு அதைக் கீழ தள்ளிட்டு இருக்கோம். கீழிருந்து ஏத்திப் பாருங்க. மெடிக்கல்ல 50 மில்லி சிரிஞ்ச், நிப்பிள்ல இறுக்கமா உட்கார்ற மாதிரி உள்ளே தெரியற டியூப் ஒரு அடி. முதல்ல மாஸ்டருக்கு ஆயில் குடுக்கிற டப்பாவுல இருந்து ஆயிலை MIN கோடு வரை உறிஞ்சிடுங்க, இல்லேன்னா பொங்கி பெயிண்ட்டைத் தின்னுடும் (சிந்தினா உடனே தண்ணி ஊத்துங்க). சிரிஞ்ச், டியூப் ரெண்டுலயும் குமிழி இல்லாம புது ஆயில் நிரப்பி மாட்டி, நிப்பிளை அரைச் சுத்து திறந்து மெதுவா அழுத்துங்க. டப்பாவுல குமிழி வர்றது நிக்கிற வரைக்கும். நிப்பிளை மூடின பிறகுதான் டியூப்பைக் கழட்டணும்.

காவேரிப்பட்டணம்_பிட்டர்:
அதுக்கு முன்னாடி பெடலுக்குப் பின்னால புஷ் ராடைப் (மாஸ்டர் பிஸ்டனைத் தள்ளுற கம்பி) பாருங்க. மாஸ்டர் புதுசுன்னா எனக்குச் சந்தேகம் அங்கதான். ராட் நீளமா வச்சு லாக் நட் டைட் பண்ணியிருந்தா பிஸ்டன் முழுசா பின்னால வராது. டப்பாவுல இருந்து ஆயில் இறங்குற சின்ன ஓட்டை மூடியே கிடக்கும். காத்து மேல போக வழி இல்லை, ஆயில் கீழ வரவும் வழி இல்லை. எத்தனை லிட்டர் ஊத்தினாலும் வீண். கையால பெடலை அமுக்கினா முதல்ல கொஞ்சம் லூஸா ஆடணும், அப்புறம்தான் பிஸ்டன் தட்டணும்.

ஸ்லேவ்ல நிப்பிள் இருக்கிற பக்கம் மேல பாக்குதான்னும் பாருங்க. ஹோஸ் மேல, நிப்பிள் கீழன்னா காத்து மாட்டிக்கும். அப்படின்னா ஸ்லேவைக் கழட்டி, நிப்பிளை உச்சியில பிடிச்சுக்கிட்டு பிளீட் பண்ணணும். பிஸ்டன் வெளியே வராம சி-கிளாம்ப் போட்டு வைங்க. சும்மா தொங்கறப்போ யாரும் பெடலை மிதிச்சா பிஸ்டன் தெறிச்சுடும்.

பாலக்கோடு_டீசல்:
பெடல்ல ஆட்டமே இல்லை. லாக் நட்டை இளக்கி ராடைச் சுருக்கறேன். பிரேக் ஆயில் தரம் டாட் 3-ஆ, 4-ஆ?

ஓசூர்_ஸ்பேனர்:
மூடியில என்ன போட்டிருக்கோ அது. 3 கேட்டா 4 ஊத்தலாம். டாட் 5 சிலிக்கான், கலக்கவே கூடாது. ஸ்டீயரிங் ஆயில், இன்ஜின் ஆயில் ஒரு சொட்டு போனாலும் ரப்பர் ஊதிடும். சீல் கிட்டோட நிக்காது, ஹோஸும் போயிடும்.

காவேரிப்பட்டணம்_பிட்டர்:
முடிச்சதும் ஐடிலிங்ல பெடலை முழுசா மிதிச்சு நாலஞ்சு செகண்ட் விட்டு ரிவர்ஸ் போடுங்க. சத்தம் வரக் கூடாது. மறுநாள் ஸ்லேவ் மேல இருக்கிற ரப்பர் உறையை விரலால ஒதுக்கிப் பாருங்க, உள்ளே ஈரமா இருந்தா ஸ்லேவ் சீல் போச்சு. கேபின்ல பெடலுக்கு மேல ஈரம்னா புது மாஸ்டரைத் திருப்பிக் குடுக்க வேண்டியதுதான்.