மறு: பல் கிளிப் – ‘பிணைப்பு வலிமை’ வேண்டாமே

ஐயா, அக்கா, எல்லோருக்கும் வணக்கம்.

பல்லில் ஒட்டிய கிளிப் எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்பதைச் சொல்லும் ‘bond strength’-க்குத் தமிழில் ‘பிணைப்பு வலிமை’ என்று ஐயா நேற்று ஏறக்குறைய முடித்தே வைத்துவிட்டார். பல் மருத்துவ நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றே காலம் தள்ளுபவன் என்ற முறையில் ஒரு மறுப்பு. பிணைப்பு என்றதும் பள்ளியில் வேதியியல் படித்த யாருக்கும் அயனிப் பிணைப்பு, சகப் பிணைப்புதான் ஞாபகம் வரும். பல்லில் பிராக்கெட் (கிளிப் கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் சிறு துண்டு) நிற்பது பெரும்பாலும் அந்த வகை இல்லை. 37 சதவீத பாஸ்பாரிக் அமிலக் களிம்பைப் பல்லின் மேலுறையான எனாமல் மேல் 15 முதல் 30 விநாடி வைத்துக் கழுவி, காற்றடித்து உலர்த்தினால் பளபளப்பு போய்ச் சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுக்கும். அந்த வெளுப்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத குழிகள், ஒட்டும் பசையான ரெசின் அந்தக் குழிகளுக்குள் இறங்கி, நீல ஒளி பட்டு இறுகி, அங்கேயே மாட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான் சங்கதி. 1955-இல் இதை முதலில் எழுதிய அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் பூனோகோரேவுக்கு யோசனை வந்ததே, உலோகத்தில் பெயிண்ட் நன்றாகப் பிடிப்பதற்காகத் தொழிற்சாலைகளில் அமிலம் தடவுவதைப் பார்த்துத்தான்.

இதையேதான் நம் ஊர்க் கொத்தனாரும் செய்கிறார். கான்கிரீட் தூண் வழவழவென்று இருந்தால் பூசுவதற்கு முன் கொத்திவிடச் சொல்வார், கேட்டால் “பிடிமானம் இருக்காது சார்” என்பார். அதனால் என் ஓட்டு பிடிவலிமைக்கு.

அக்கா சொன்ன ‘ஒட்டுவிசை’ காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் அலகு இடிக்கிறது. விசை என்றால் நியூட்டன். இந்த ஆய்வுகளில் வருவது மெகாபாஸ்கல், அதாவது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்ற கணக்கு. 1975-இல் ரெனால்ட்ஸ் என்ற ஆய்வாளர் சொன்ன 5.9 முதல் 7.8 மெகாபாஸ்கலைத்தான் இன்றும் போதுமான அளவு என்று எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். பிராக்கெட்டின் அடிப்பகுதி பத்துச் சதுர மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதைப் பெயர்க்கக் கிட்டத்தட்ட ஆறிலிருந்து எட்டுக் கிலோ எடையைத் தொங்கவிட வேண்டும். முறுக்கு கடிக்காதே என்று ஏன் தலையில் அடித்துக்கொள்கிறோம் என்பது இப்போது புரியும்.

அடுத்தது, அமிலக் களிம்பு வைக்கும் அந்த வேலைக்கு (etching) இருக்கும் ‘அமில அரிப்பு’ என்ற சொல். இதைத் தயவுசெய்து விட்டுவிடுவோம். கையேட்டில் இருந்த வார்த்தையை அப்படியே ஒரு பெண்ணிடம் சொன்னேன், “ரொம்ப அரிக்குமா டாக்டர், வீட்டுக்குப் போனதும் குறைஞ்சிடுமா?” என்று கேட்டார். துரு அரிப்பதும் அரிப்பு, மண் அரிப்பும் அரிப்பு, சொறிவதும் அரிப்பு, இதில் இதையும் சேர்த்தால் தாங்காது. அம்மி தேய்ந்து வழவழப்பானால் உளியால் பொளிந்து தருவார்களே, அந்தப் பொளிதல்தான் இங்கே நடப்பது. அமிலப் பொளிதல் என்றே வைக்கலாம். ‘அமிலப் பொளிவு’ என்று மட்டும் வேண்டாம், யாராவது ஒருவர் பொலிவு என்று தட்டச்சு செய்வார், பல்லின் பொலிவு போகிற வேலைக்கு அது நேர் எதிர்ப்பொருள் ஆகிவிடும்.

இந்தச் சொற்களை வைத்துக் காரணங்களைச் சொல்லிப் பார்த்தேன், தடங்கல் இல்லாமல் வருகிறது. பொளிந்த பல்லில் எச்சில் பட்டால் குழிகள் அடைபட்டுப் பிடிவலிமை குறைகிறது. கீழ்த்தாடையில் பின்னால் இருக்கும் முன்கடைவாய்ப் பற்களில் பிராக்கெட் அடிக்கடி கழல்வதற்கு, அங்கே ஈரமில்லாமல் வைத்திருப்பது படாத பாடு என்பதும் ஒரு காரணம். (இலக்கணமாக எழுத வேண்டுமென்றால் உமிழ்நீர் என்று போட்டுக்கொள்ளுங்கள், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது எச்சில்தான்.) தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், அங்கே வளர்ந்தவர்கள் பலரின் பல்லில் பழுப்புக் கறை இருக்கும். அந்த எனாமல் அமிலத்துக்குச் சுலபத்தில் மசியாது, அதனால் பொளிதல் அரைகுறையாக நிற்கும். நேரத்தைக் கூட்டிப் பார்ப்போம், மேற்பரப்பை லேசாகத் தேய்த்தும் விடுவோம். பெராக்சைடு போட்டுப் பல்லை வெளுக்கவைத்துவிட்டு மறுநாளே கிளிப் போட வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதும் இதற்காகத்தான்: பல்லில் தங்கிய ஆக்சிஜன் ரெசினை இறுகவிடாது. பிராக்கெட்டின் அடிப்பகுதியில் இருக்கும் வலை, ஒளி பட்ட நேரம் என்று காரணங்கள் இன்னும் உண்டு.

பிடி அதிகமானாலும் தொல்லை. பீங்கான் பிராக்கெட்டைக் கழற்றும்போது சில சமயம் எனாமலும் சேர்ந்து பெயர்ந்து வரும். அதைப் பிடிவாதம் என்று என் உதவியாளர் சொல்வார். கலைச்சொல்லாக ஏற்க முடியாதுதான்.

ஆங்கிலத்தில் பிராக்கெட் தானாக விழுவதற்கும் மருத்துவர் எடுப்பதற்கும் பெரும்பாலும் ஒரே சொல்லைப் போட்டுக் குழப்புகிறார்கள். நமக்கு அந்தக் கஷ்டமே இல்லை. தானாக வந்தால் கழல்தல், நாம் எடுத்தால் கழற்றல். இதற்குப் புதிதாக எதையும் ஆக்கப் போகாதீர்கள்.

பிராக்கெட்டை பிராக்கெட் என்றே விட்டுவிடலாம். மொழிபெயர்ப்பு இயந்திரம் ஒன்று ‘பல்லில் அடைப்புக்குறி ஒட்டுதல்’ என்று கொடுத்ததைப் பார்த்த பிறகு எனக்கு அந்த ஆசையே போய்விட்டது.

மாட்டிக்கொண்டிருப்பது ஒரே இடத்தில்தான். கழற்றிய பிறகு பல்லில் எவ்வளவு ரெசின் தங்கியிருக்கிறது என்பதற்கு 0 முதல் 3 வரை ஒரு குறியீட்டெண் இருக்கிறது. ‘பசை எச்சம்’ என்று எழுதினேன், எச்சம் என்றதும் காக்கைதான் ஞாபகம் வருகிறது. மிச்சம் சரிப்படுமா, இல்லை தங்கல் என்று வைக்கலாமா? ஐயா, நீங்கள் சொல்லுங்கள்.