பிராக் நகரம்: முதல்முறை போனவங்க பார்த்ததும் பட்டதும்

கொங்குத்தென்றல்:

வேலை விஷயமா மியூனிக் போயிருந்தப்ப, சனி ஞாயிறு லீவுல பஸ் ஏறி செக் நாட்டுத் தலைநகரம் பிராக் போயிட்டு வந்தேனுங்க. ஐரோப்பாவுல நான் சுத்திப் பாத்த முதல் தலைநகரம் அதுதான். கடிகாரம், பாலம், கோட்டைங்கற பட்டியல் எல்லார்கிட்டயும் இருக்கு. அதை விட்டுட்டு, அங்க போய் நின்னப்ப யாரைப் பாத்தீங்க, என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க. நானே ஆரம்பிக்கறேன்.

பழைய நகரச் சதுக்கத்துல இருக்கற வானியல் கடிகாரத்துக்கு ஒவ்வொரு மணிக்கும் கூட்டம். நேரம் நெருங்கறதுக்கு ரொம்ப முன்னாடியே அந்த மூலை நெறஞ்சுடுது. எல்லார் கையிலும் போன், எல்லாரும் அண்ணாந்துட்டு நிக்கறாங்க. எலும்புக்கூடு கயித்த இழுத்து மணி அடிக்குது, மேல ரெண்டு சன்னல் தொறந்து ஏசுவோட சீடர்கள் ஒவ்வொருத்தரா எட்டிப் பாத்துட்டுப் போறாங்க, கடைசியா ஒரு தங்கச் சேவல் கூவுது. அவ்வளவுதான், முடிஞ்சுது. பக்கத்துல நின்ன அம்மா ஒருத்தங்க இந்தியில "இதுக்கா இவ்ளோ நேரம்?"னு வீட்டுக்காரரைக் கேட்டாங்க. அவரு போன்ல வீடியோ சரியா விழுந்துச்சான்னு பாத்துட்டிருந்தாரு.

கூட்டம் கலைஞ்சப்புறம்தான் அதை நின்னு பாக்கோணும். 1410-ல வெச்சது. மணியை மட்டுமா காட்டுது? சூரியன் எந்த ராசியில இருக்குது, நிலா வளர்பிறையா தேய்பிறையா எல்லாம் அதுலயே தெரியுது. வெளி வட்டத்துல இருக்கற தங்க எழுத்து எண்கள் சூரியன் மறையறதுல இருந்து 24 மணி நேரத்தை எண்ணுது, அந்தக் காலத்துல அங்க அப்படித்தானாம் கணக்கு. நம்மூர்ல பஞ்சாங்கம் கணிக்கறவர் யாரையாவது அது முன்னாடி கொண்டு போய் நிறுத்துனா பொழுது சாயற வரைக்கும் நகர மாட்டாரு. செஞ்ச ஹனுஷ்ங்கறவரோட கண்ணை ஊர்ப் பெரியவங்க குருடாக்கிட்டாங்கன்னு வழிகாட்டிங்க ஒரு கதை சொல்றாங்க. இப்படி ஒரு கதை எல்லா ஊர்லயும் இருக்குது. நிஜமா செஞ்சவரு கடான் ஊர்க்காரர் மிக்குலாஷ்.

நான் சொல்ல வந்தது அதில்லீங்க. கடிகாரத்துக்கு ரொம்பப் பக்கத்துலயே தரையில வெள்ளைக் கல்லுல சிலுவை சிலுவையா பதிச்சிருக்காங்க. அது மேல பெட்டிச் சக்கரம் கடகடன்னு உருண்டு போயிட்டே இருக்குது. ஒரு டீச்சர் மட்டும் பள்ளிக்கூடப் பசங்களைச் சிலுவை மேல கால் படாம சுத்தி நிக்க வெச்சுப் பேசிட்டிருந்தாங்க. அவங்க முடிக்கற வரைக்கும் காத்திருந்து என்னன்னு கேட்டேன். 27 சிலுவைங்க. பேரரசரை எதிர்த்து 1620-ல வெள்ளை மலைப் போர்ல தோத்த கிளர்ச்சித் தலைவர்கள் 27 பேரை அடுத்த வருஷம் ஜூன் 21 அன்னிக்கு அங்கயே கொன்னிருக்காங்க. 12 பேரோட தலையைப் பாலத்துக் கோபுரத்துல தொங்க விட்டு, பத்து வருஷம் எறக்கலையாம். "நீங்கதான் இன்னிக்கு முதல்ல கேட்டவரு"ன்னு அந்த டீச்சர் சிரிச்சாங்க.

அதே சதுக்கத்துல பன்னித்தொடை வாட்டி விக்கற கடை இருந்துச்சு. பலகையில இருக்கறது 100 கிராம் விலை, வெட்டிப் போடறது அவங்க இஷ்டம். எடை போட்டு சொன்ன தொகையைக் கேட்டு ஒரு குடும்பமே பேச்சு மூச்சில்லாம நின்னுச்சு.

நாஞ்சில் பொண்ணு:

அண்ணே, அந்தக் கோபுரத்தைத் தாண்டினா வருகது சார்லஸ் பாலம். எனக்கு நடந்தது அதுலதான்.

கூட்டமில்லாம பாக்கணும்னு காலைல ஆறரைக்கே போயிட்டேன். 516 மீட்டர் நீளம், ரெண்டு பக்கமுமா 30 சிலை. 1357-ல ராஜா நாலாம் சார்லஸ் அடிக்கல் போட்டது. அந்த நேரத்துல பாலம் தூத்துப் பெருக்குகவங்களும் கல்யாண போட்டோ எடுக்கவங்களும்தான் இருந்தாங்க. ஒவ்வொரு சிலையா பாத்துட்டு வாறேன், ஒரு சிலைகிட்ட கால் தானா நின்னுட்டு. சவேரியார்! எங்க வீட்டுலேருந்து கோட்டாறு சவேரியார் கோயிலு கூப்பிடு தூரமாக்கும். டிசம்பர் திருவிழான்னா பள்ளிக்கூடத்துக்கே லீவு விடுவாங்க. அந்த மனுசனை நான் வல்டாவா ஆத்து மேல பாப்பேன்னு நெனைக்கவே இல்ல.

உடனே அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். அங்க ஆறரை, ஊர்ல பத்து மணி. "அம்மா, யாருன்னு பாருங்க!" அம்மா கண்ணாடிய போட்டுட்டு வந்து பாத்துட்டு, "கையில சிலுவ இருக்கு, சரி. காலுக்குக் கீழ இருக்கது ஆருட்டீ?"ன்னு கேட்டாங்க.

சரியான கேள்வி. சவேரியார் மேல நிக்காரு, அந்தப் பீடத்தைத் தோள்ல தாங்குகவங்க கிழக்கு நாட்டு ஆளுங்க. முன்னால ஒரு இந்திய இளவரசன் ஞானஸ்நானத்துக்கு முழங்கால் போட்டிருக்கான். பெர்டினாண்ட் ப்ரோக்காஃப்ங்க சிற்பி 1711-ல செஞ்சது. நல்ல கைவேலை, அதுல சந்தேகமே இல்ல. ஆனா 1542-ல சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தப்ப அவர்ட்ட வந்தது இளவரசனா? முத்துக் குளிச்சவங்க, வலை இழுத்தவங்க. அவங்க யாரும் அந்தக் கல்லுல இல்ல. அம்மாட்ட இதைச் சொன்னேன். "நம்மளப் பாத்திருந்தா சட்டை இல்லாமத்தான் செதுக்கியிருப்பான்"னாங்க.

பக்கத்துல ஒரு வயசானவரு படம் வரைஞ்சு விக்கதுக்குக் கடை விரிச்சிட்டிருந்தாரு. நான் சத்தமா பேசுகதப் பாத்துட்டு என்னன்னு கேட்டாரு. இந்தப் புனிதர் எங்க கரையிலதான் வேலை பாத்தாரு, எங்க ஊர்ல அவருக்குப் பெரிய கோயிலு இருக்குன்னு சொன்னேன். அவரு எழும்பி வந்து சிலையப் புதுசா பாக்க மாதிரி பாத்தாரு. 1890 வெள்ளத்துல பழைய சிலை ஆத்துல விழுந்து, இப்ப நிக்கது 1913-ல வச்ச நகல்னு அவருதான் சொன்னாரு. எல்லாரும் நேரா நெப்போமுக் யோவான் சிலைக்குத்தான் போவாங்களாம். ராஜா 1393-ல ஆத்துல தள்ளிக் கொன்ன பாதிரியாரு அவரு. அந்தச் சிலைக்கு அடியில இருக்க வெண்கலத் தகட்டைத் தொட்டா திரும்ப பிராக் வரலாம்னு நம்பிக்கை. தொட்டுத் தொட்டு அந்த ஒரு இடம் மட்டும் பளபளன்னு இருக்கு.

தஞ்சாவூர்த் தட்டு:

எல்லாம் சரி, சாப்பாட்டைப் பத்தி யாருமே சொல்லலையே! மாமனார் மாமியாரை அழைச்சுண்டு போறோம். முட்டைகூடத் தொட மாட்டா.

கொங்குத்தென்றல்:

அக்கா, அப்ப கொஞ்சம் சிரமந்தானுங்க. சைவம்னு கேட்டா முதல்ல கொண்டாந்து வெக்கறது பொரிச்ச சீஸ், கூட உருளைக்கிழங்கு வறுவல். சீஸை முட்டையில முக்கித்தான் பொரிக்கறாங்க. உருளைக்கிழங்கு அடைன்னு ஒண்ணு, பூண்டு போட்டு நல்லா இருக்கும், அதுலயும் பெரும்பாலும் முட்டை உண்டு. இந்திய ஓட்டல் நகரத்துக்குள்ளயே நெறைய இருக்குது, ஒரு வேளைக்கு அங்க போயிடுங்க. சுருள் சுருளா சக்கரை தூவி விக்கறாங்களே ட்ர்டெல்னிக், அது "பழைய போகீமியப் பலகாரம்"னு பலகையில போட்டிருக்கும் (போகீமியாங்கறது பிராக் இருக்கற பகுதியோட பழைய பேரு). நம்பாதீங்க, அங்க தெருவெல்லாம் அது வந்தது சமீபத்துலதான். பசிக்குத் தின்னுக்கலாம், தப்பில்ல. குடிக்கற தண்ணியும் ஓட்டல்ல பெரும்பாலும் காசுதான்.

எல்ப நதிக்கரை:

நான் ஜேர்மனியில இருக்கிறன். ஊரில இருந்து அம்மா வந்து நிண்ட நேரம் ட்றெஸ்டனில இருந்து ரயிலில கூட்டிக்கொண்டு போனனான். ரெண்டரை மணித்தியாலம் மட்டில, எல்ப ஆத்தோட ஒட்டிப் போற பாதை. அந்தப் பயணமே போதும் எண்டு சொல்லுவன்.

வயசான ஆக்களோட போறவைக்கு ரெண்டு விசயம். தெரு முழுக்கச் சின்னச் சின்னக் கல்லுப் பதிச்சது, செருப்பு நல்லதாப் போட வேணும். மெட்றோவில எஸ்கலேற்றர் சரியான வேகம், சரியான ஆழம். நாமெஸ்தி மீரு எண்ட ஸ்ரேசனில அது 87 மீற்றர் நீளம். அம்மா என்ர கையை விடவே இல்லை. ஆனால் ட்ராமில ஏறினவுடன தலைமயிரைப் பச்சையாக்கின ஒரு பெடியன் எழும்பி இடம் குடுத்தான். "இஞ்சை பிள்ளையளை நல்லா வளத்திருக்கினம்" எண்டு அம்மா முழு நாளும் சொல்லிக்கொண்டு திரிஞ்சா. டிக்கெற் வாங்கினாக் காணாது, ஏறேக்கை மெசினில அடிக்க வேணும். சாதாரண உடுப்பில வந்த ஒருவர் பட்ஜைக் காட்டி, அடிக்காத டிக்கெற்றோட நிண்ட ஒரு சோடியை எங்களுக்கு முன்னால இறக்கிக்கொண்டு போனவர்.

யூத குடியிருப்புப் பக்கம் பிங்காஸ் தொழுகைக் கூடம் எண்டு ஒண்டு இருக்கு. உள்ளுக்கை படமும் இல்லை, சிலையும் இல்லை. சுவர் முழுக்கப் பேர். நாசிகள் கொலை செய்த செக் நாட்டு யூதர், 78,000 பேர் மட்டில. ஊர் ஊராப் பிரிச்சு, குடும்பப் பேர், பிறந்த திகதி, கடைசியா உயிரோட இருந்ததாத் தெரிஞ்ச திகதி எண்டு பொடி எழுத்தில எழுதியிருக்கினம்.

"இதெல்லாம் ஆற்ற பேர் தம்பி?" எண்டு அம்மா கேட்டா. சொன்னன். கொஞ்ச நேரம் கழிச்சு, "ஆர் இருந்து இவ்வளவத்தையும் எழுதினது?" எண்டா. ரெண்டு ஓவியர்மார் 1950களில எழுதினவை. 1968-க்குப் பிறகு நிலத்தடி ஈரம் எண்டு சொல்லிக் கூடத்தைப் பூட்டி, பேரெல்லாம் போயிட்டுது. 1990களில திரும்ப முதலில இருந்து எழுதினவை. இதைச் சொன்னவுடன அம்மா, "திரும்ப எழுத ஆக்கள் இருந்திருக்கினம்" எண்டு மட்டும் சொன்னா. எங்கட ஆக்களுக்கு இதுக்கு மேல நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பக்கத்திலதான் பழைய யூதச் சுடலை. 1439-ல இருந்து 1787 மட்டும் அடக்கம் செய்திருக்கினம். இடம் காணாமல் மண்ணைப் போட்டு அதுக்கு மேல திரும்பவும் அடக்கம், சில இடத்தில பன்னிரண்டு அடுக்கு. கல்லெல்லாம் ஒண்டில ஒண்டு சாஞ்சு நிக்குது. சனிக்கிழமையில எல்லாம் பூட்டு, கவனம்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:

தம்பி எழுதியதைப் படித்துவிட்டு உடனே எழுதத் தோன்றவில்லை.

பிராக் என்ற பெயர் எனக்கு அறிமுகமானது சுற்றுலாவால் அல்ல, செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபிலால். 1927-இல் அங்கே பிறந்தவர், சார்லஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர், அங்கேயே தமிழ் கற்பித்தவர். மகன் வீட்டுக்குப் போனபோது "எதைப் பார்க்கணும்பா?" என்று அவன் கேட்டான். அவர் இருந்த பல்கலைக்கழகத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். 1348-இல் தொடங்கியது. கலைப்புலம் ஆற்றோரம், யான் பாலக் சதுக்கத்தில் இருக்கிறது. வாயிலில் இருந்த அம்மையாருக்கு ஆங்கிலம் வரவில்லை. ஒரு தாளில் சுவெலபிலின் பெயரையும் அதன்கீழ் "தமிழ்" என்றும் எழுதி நீட்டினேன். அவர் எழுந்துபோய் ஒரு மாணவனை அழைத்து வந்தார். அவன் சமஸ்கிருதம் படிப்பவன். தாளைப் பார்த்ததும், "அவர் புத்தகங்கள் எங்கள் நூலகத்தில் இருக்கின்றன. நீங்கள் அவருடைய உறவினரா?" என்று கேட்டான்! மகன் சிரித்துவிட்டான். எனக்கு மறுக்க மனம் வரவில்லை, ஆனாலும் இல்லை என்று சொன்னேன்.

அந்தக் கட்டடத்து முகப்பில் ஓர் இளைஞனின் முகத்தை வார்த்துப் பதித்திருக்கிறார்கள். அவன்தான் யான் பாலக், அதே கலைப்புலத்து மாணவன். 1968 ஆகஸ்டில் சோவியத் தலைமையிலான படைகள் டாங்கிகளோடு நாட்டுக்குள் நுழைந்தன. மக்கள் அதற்குப் பழகிவிடுகிறார்களே என்று பொறுக்காமல், 1969 ஜனவரி 16 அன்று தேசிய அருங்காட்சியகத்தின் முன் தீக்குளித்தான். மூன்றாம் நாள் இறந்தான், வயது இருபது. சுவெலபிலும் 1968-க்குப் பிறகு நாட்டை விட்டு வெளியேறி, நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். பிராக் இழந்ததை உட்ரெக்ட் பெற்றது.

வென்செஸ்லாஸ் சதுக்கத்தின் மேல்முனைக்கு மாலையில் நடந்தோம். அருங்காட்சியகத்தின் எதிரே நடைபாதையில் வெண்கலச் சிலுவை ஒன்று படுத்த நிலையில் இருக்கிறது, அதன் கீழே தரைக்கற்கள் புடைத்துக்கொண்டு எழுகின்றன. பீடமில்லை, வேலியுமில்லை. ஒரு சிறுவன் அதன்மேல் சைக்கிளை ஏற்ற முயன்றான். அவன் பாட்டி ஒரு சொல்தான் சொன்னார், சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

வைகைக்கரை:

சார், உங்க பதிவுக்குப் பின்னாடி நான் கோட்டை கதை எழுதுறது நல்லா இருக்காது, இருந்தாலும் சன்னலைச் சொல்லாம விட முடியல.

கோட்டைக்குள்ள எல்லாரும் புனித விட்டுஸ் பேராலயத்துக்குத்தான் ஓடுறாங்க. 1344-ல ஆரம்பிச்சு 1929-லதான் முடிச்சாய்ங்க, அதுவும் பாக்க வேண்டியதுதான். நான் தேடிப் போனது பழைய அரண்மனைல இருக்க ஒரு சன்னல். 1618 மே 23, கோவத்துல வந்த புராட்டஸ்டண்ட் பிரபுக்க, பேரரசரோட ஆளுநருக ரெண்டு பேரையும் கூட ஒரு எழுத்தரையும் அந்த வழியா வெளிய தூக்கி வீசிட்டாய்ங்க. 20 மீட்டருக்கு மேல உயரம். மூணு பேரும் பொழைச்சுட்டாங்க! தேவதைக தாங்குச்சுன்னு கத்தோலிக்கர்க, குப்பைமேட்டுல விழுந்தாங்கன்னு மத்தவங்க. முப்பது வருஷப் போருக்கு அதுதான் பிள்ளையார் சுழி. அந்த எழுத்தருக்குத்தான் யோகம், பின்னாடி பிரபு பட்டம் குடுத்து "உயர்ந்த வீழ்ச்சி"ன்னு குடும்பப் பேரே வச்சு விட்டாங்க. காவலுக்கு நின்ன அம்மாகிட்ட எட்டிப் பாக்கலாமான்னு கேட்டேன். "பாருங்க, ஆனா பின்னாடி யாரு நிக்கிறான்னு பாத்துக்கங்க"ன்னு சிரிக்காமச் சொன்னாங்க.

பணம் மாத்துறவங்களுக்கு ஒண்ணு. அங்க யூரோ இல்ல, கொருனா. கமிஷன் இல்லைன்னு பெருசா எழுதிட்டு, ரேட்டுல அடிக்கிற கடைக உண்டு. அப்படி ஒரு கடைல ஒரு பையன் முழிச்சுட்டு நின்னான். அந்த வழியா போன உள்ளூர் அக்கா, ரசீதோட திரும்பிப் போய்க் கேளு, மூணு மணி நேரத்துக்குள்ள ரத்து பண்ணலாம், 2019-ல சட்டம் வந்துருச்சுன்னு சொல்லி அவங்களே கூடப் போய் வாங்கிக் குடுத்தாங்க.

தஞ்சாவூர் அக்காவுக்கு: பெரியவங்களைக் கீழ இருந்து படியேத்திக் கோட்டைக்குக் கூட்டிட்டுப் போயிராதீங்க. 22-ம் நம்பர் ட்ராம் மேல வரைக்கும் போகும். அங்கிட்டு எறங்கிப் பாத்துட்டு, படில மெதுவா எறங்கி வாங்க. முட்டைக்கு மட்டும் நான் பொறுப்பில்ல.